சிவப்பு மை

(மாணவர்கள் நடத்தும் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)

தோழர்களே,

கவிதை வாசிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் பேச வேண்டும் என்கிறார்கள். தலைப்பு வேறு பெரிய தலைப்பு: அமைப்பாக இயங்கும் இனவெறி, அதனால் ஒரு சாராருக்குக் கிடைக்கிற ஆதாயம், சம மனித உரிமை. பேராசிரியர்கள் பேச வேண்டிய விஷயம். நான் வங்கியில் எழுத்தர். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கடன் ஃபைல்தான். அதனால் எனக்குத் தெரிந்த அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு வீட்டுக் கடன் எப்படி மறுக்கப்பட்டது என்கிற ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே இந்த மூன்று சொற்களையும் புரிந்துகொள்ள முடியுமா என்று பார்ப்போம்.

அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்னால், நான் ஏன் இதைத் தேடிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் கிளைக்கு ஒரு அக்கா வந்தார்கள். காலனியைச் சேர்ந்தவர். ஓட்டு வீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டும், மூன்று லட்சம் கடன் வேண்டும். பட்டா இருந்தது. வரி ரசீது இருந்தது. மகனுக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. ஃபைலைக் கட்டியது நான்தான். மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "மனை நல்ல மனைதான் சார். ஆனா காலனிக்குள்ள இருக்கு. நாளைக்குக் கடன் நின்னு போச்சுன்னா ஏலத்துல யாரு எடுப்பா?" சொல்லிவிட்டு மதிப்பைப் பாதிக்கும் கீழே எழுதினார். மதிப்பு குறைந்தால் கடனும் குறையும். கிடைக்கிற பணத்தில் தளம் போட முடியாது. மேலாளர் விதிப்படி ஃபைலை மூடினார். மறுப்புக் கடிதத்தை டைப் அடித்தது நான்.

அந்த மதிப்பீட்டாளர் கெட்ட மனுஷர் இல்லை தோழர்களே. என் கல்யாணத்துக்கு வந்து, எங்கள் தெருப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். மேலாளரும் யாரையும் சாதி சொல்லிப் பேசியவர் இல்லை. ஃபைலில் எந்தக் காகிதத்திலும் சாதி என்ற சொல் இல்லை. காலனி என்பது வெறும் முகவரி. கடிதம் அடித்த நானும் காலனிக்காரன். அப்போ அந்த அக்காவுக்குக் கடனை மறுத்தது யார்? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. பதிலைத் தேடிப் போனபோதுதான் அமெரிக்க வங்கிகளின் கதை கிடைத்தது. அங்கே இதையே வரைபடம் போட்டு, வண்ணம் தீட்டிச் செய்திருக்கிறார்கள்.

இனவெறி என்றவுடன் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? வெள்ளை அங்கி போட்ட கூட்டம், எரிகிற சிலுவை, மரத்தில் தொங்கும் உடல். இதெல்லாம் நடந்ததுதான். 1963 செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஒரு கறுப்பின தேவாலயத்தில் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் செத்துப்போனார்கள். உலகமே கண்டித்தது. ஸ்டோக்லி கார்மைக்கேல், சார்ல்ஸ் ஹாமில்டன் என்ற இருவர் 1967இல் எழுதிய நூலில் இந்தக் குண்டுவெடிப்பைச் சொல்லிவிட்டு, கூடவே இன்னொன்றையும் கேட்டார்கள். அதே பர்மிங்ஹாமில் சரியான சாப்பாடும் வீடும் மருத்துவமும் இல்லாமல் வருஷம் ஐந்நூறு கறுப்புக் குழந்தைகள் சாகிறார்களே, அந்தக் குண்டை வைத்தது யார்? அதை யாரும் கண்டிக்கவில்லை. காரணம், அதற்குக் குற்றவாளி என்று கைகாட்ட ஒரு ஆள் இல்லை. இதைத்தான் அவர்கள் நிறுவனமயமான இனவெறி என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். ஆள் இல்லாத குற்றம். கையெழுத்து இருக்கும், ஆள் இருக்காது.

இப்போ வரைபடத்துக்கு வருவோம்.

1929இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் வீட்டுத் தவணை கட்ட முடியாமல் வீட்டை இழந்தார்கள். ரூஸ்வெல்ட் அரசு 1933இல் வீட்டு உடைமையாளர் கடன் கழகம் என்ற ஒன்றைத் தொடங்கியது. முறிந்துபோன கடன்களை வாங்கி, நீண்ட காலத் தவணையாக மாற்றிக் கொடுத்தது. நல்ல காரியம். பிறகு அந்தக் கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களைத் தெருத் தெருவாக ஆராய்ந்து வரைபடம் தயாரித்தது. எங்கே கடன் கொடுத்தால் திரும்பி வரும், எங்கே வராது என்று நான்கு தரம். முதல் தரம் பச்சை, இரண்டாம் தரம் நீலம், மூன்றாவது மஞ்சள், நான்காவது சிவப்பு. சிவப்பு என்றால் ஆபத்தான பகுதி.

தரத்தை எப்படி முடிவு செய்தார்கள்? அதற்கு ஒரு படிவம் இருந்தது. வீட்டின் வயது, கட்டுமானம், வாடகை, வேலை என்று வரிசையாகக் கட்டங்கள். நடுவில் ஒரு கட்டம்: இங்கே கறுப்பர் எத்தனை சதவீதம்? இன்னொரு கட்டம்: இந்தப் பகுதிக்குள் யாராவது ஊடுருவுகிறார்களா? ஊடுருவல் என்ற சொல்லையே போட்டிருந்தார்கள். குடும்பத்தோடு வீடு தேடி வருகிறவன் ஊடுருவல்காரன் ஆகிறான். இது மிரட்டல் கடிதம் இல்லை, அரசுப் படிவம். நிரப்பியவர்கள் உள்ளூர் வங்கிக்காரர்கள், வீட்டுத் தரகர்கள், மதிப்பீட்டாளர்கள். என் மாதிரி ஆட்கள்.

கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் அநேகமாக எல்லாமே சிவப்பானது. வீடு நன்றாக இருந்தாலும் சிவப்பு, சம்பாத்தியம் நன்றாக இருந்தாலும் சிவப்பு. சிவப்புப் பகுதிகளில் ஏழை வெள்ளையர்களும் யூதர்களும் இத்தாலியர்களும் இருந்தார்கள். அவர்கள்தான் அங்கே எண்ணிக்கையில் அதிகம் என்றுகூட ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பச்சைப் பகுதிக்குக் குடிபோகலாம். கறுப்பர் எங்கே குடிபோனாலும் சிவப்பும் கூடவே குடிபோகும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வரைபடம் மட்டுமே எல்லாத்துக்கும் காரணம் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மை இல்லை. இந்த வரைபடங்கள் முடிவதற்கு முன்பே அந்தக் கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியைக் கொடுத்து முடித்திருந்தது. கறுப்பர்களில் சிலருக்கும் கொடுத்தது. பெரிய வேலையைச் செய்தது 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம். அது நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கிற கடனுக்கு அரசின் உத்தரவாதம் கொடுத்தது. வங்கி வேலையில் இருக்கிற எனக்கு இதன் அர்த்தம் தெரியும். உத்தரவாதம் இருந்தால் வங்கிக்குப் பயமே இல்லை. அதற்கு முன்னால் அங்கே வீட்டு விலையில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது; மீதியை ஐந்து, பத்து வருஷத்தில் அடைக்க வேண்டும். உத்தரவாதம் வந்த பிறகு முன்பணம் இருபது சதவீதம், பிறகு பத்து சதவீதம். தவணை இருபது, இருபத்தைந்து வருஷம். கூலி வேலை செய்கிறவனும் வீட்டுக்காரன் ஆகலாம் என்கிற நிலைமை முதல்முறையாக வந்தது.

யாருக்கு வந்தது என்பதுதான் கேள்வி. அந்த நிர்வாகம் மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு கையேடு போட்டது. இனங்கள் கலந்தால் மதிப்பு இறங்கும், ஆகவே கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் விதி. இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டேன் என்று பத்திரத்திலேயே எழுதி வைப்பது நல்லது என்றும் அது பரிந்துரைத்தது. அரசாங்கம் அச்சடித்த கையேடு தோழர்களே.

இதன் விளைவை டெட்ராய்ட் நகரத்தில் இன்றைக்கும் கையால் தொட்டுப் பார்க்கலாம். அங்கே எட்டு மைல் சாலைப் பக்கத்தில் கறுப்பர்கள் ஏற்கெனவே குடியிருந்தார்கள். அதை ஒட்டி வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்க ஒரு முதலாளி திட்டம் போட்டார். கறுப்பர் பக்கத்தில் இருக்கிறார்கள், உத்தரவாதம் கிடையாது என்றது நிர்வாகம். அவர் என்ன செய்தார்? 1941இல் இரண்டுக்கும் நடுவில் அரை மைல் நீளத்துக்கு ஆறடி உயரச் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது.

சுவர் என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் நின்ற சுவரில் 2008 மே மாதம்தான் வழி திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று விடியற்காலை ஒரு சுவர் இடிந்து விழுந்து 17 பேர் செத்தார்கள்; செத்தவர்கள் எல்லோரும் நம் மக்கள். டெட்ராய்ட் சுவரைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கடன் விண்ணப்பம் இருந்தது என்பதுதான் எனக்குப் புதுசு. அங்கே சுவர் கட்ட வெறுப்பே தேவைப்படவில்லை. லாபம் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. போருக்குப் போன கறுப்புச் சிப்பாயும் வெள்ளைச் சிப்பாயும் திரும்பி வந்தார்கள். திரும்பியவர்களுக்குப் படிப்பு, தொழில், வீட்டுக் கடன் கொடுக்க 1944இல் ஒரு சட்டம் வந்தது. சட்டத்தில் கறுப்பு, வெள்ளை என்று எழுதவில்லை. எல்லோருக்கும் சமம். ஆனால் கடனைத் தர வேண்டியது உள்ளூர் வங்கி. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் ஒரு கறுப்பினப் பத்திரிகை கணக்கு எடுத்தது. அந்தச் சட்டப்படி உத்தரவாதம் பெற்ற கடன்கள் 3,229. அதில் கறுப்புச் சிப்பாய்களுக்குப் போனது எத்தனை தெரியுமா? இரண்டு. இருநூறு இல்லை, இருபது இல்லை. இரண்டே இரண்டு.

அதே 1947இல் நியூயார்க் பக்கத்தில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பு எழத் தொடங்கியது. 17,000க்கும் மேல் வீடுகள். விலை ஏறக்குறைய 8,000 டாலர். போர்வீரனுக்கு முன்பணமே வேண்டாம். வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு வங்கிக் கணக்குப் போடுவோம். இது உதாரணக் கணக்குதான். ஒரே படையில் இருந்த இரண்டு பேர், ஒரே சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தன் 8,000 டாலர் வீட்டை வாங்கினான். இன்னொருத்தன் வாங்க அனுமதிக்கப்படவில்லை, வாடகை கட்டினான். வீட்டு மதிப்பு வருஷத்துக்கு ஐந்து சதவீதம் ஏறுகிறது என்றால் 75 வருஷத்தில் அந்த 8,000 மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். இடையில் அந்த வீட்டை ஈடு வைத்து மகனைப் படிக்க வைத்திருப்பான். பேரன் கடை வைக்க அதுதான் முதல். அங்கே பள்ளிக்கூடங்களுக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை ஏறிய இடத்தில் பள்ளிக்கூடமும் நல்ல பள்ளிக்கூடம். வாடகை கட்டினவனுக்கு எழுபத்தைந்து வருஷ ரசீது மிஞ்சியிருக்கும். பூஜ்யத்துக்கு எத்தனை வருஷம் வட்டி போட்டாலும் பூஜ்யம்தான்.

கடன் கிடைக்காதவர்கள் வீடே வாங்கவில்லையா? வாங்கினார்கள். அதுதான் இன்னும் கொடுமை. சிகாகோவில் 1950கள், 60களில் தவணை ஒப்பந்தம் என்று ஒரு முறை நடந்தது. கறுப்பர் வருகிறார்கள், விலை விழப்போகிறது என்று வெள்ளையரைப் பயமுறுத்தித் தரகர் வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குவார். அதையே இரண்டு மடங்கு விலை வைத்துக் கறுப்பினக் குடும்பத்துக்குத் தவணையில் விற்பார். கடைசித் தவணை வரை பத்திரம் தரகர் கையில். ஒரு தவணை தவறினால் போதும், கட்டிய பணம் அத்தனையும் போய்விடும். குடும்பம் தெருவில் நிற்கும். அடுத்த வாரம் அதே வீட்டுக்கு அடுத்த குடும்பம். இப்படிச் சிகாகோவில் மட்டும் கறுப்பின மக்கள் இழந்தது இன்றைய மதிப்பில் 300 கோடியிலிருந்து 400 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2019இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வங்கி கதவைச் சாத்தினால் கந்துவட்டிக்காரன் கதவைத் திறப்பான். இது சிகாகோவுக்கு மட்டுமா பொருந்தும்?

மார்ட்டின் லூதர் கிங் 1966 ஜனவரியில் சிகாகோவின் லான்டேல் பகுதியில் ஒரு பாழடைந்த வாடகை வீட்டில் குடியேறினார். வீட்டுரிமைக்காக ஊர்வலம் போனார். ஆகஸ்டில் ஊர்வலத்தின் மேல் கல் வந்து விழுந்தது. அவர் தலையிலும் அடி. தெற்கில் ஒரே பேருந்தில் உட்காருவதற்குக்கூட ஆதரவு தந்த வடக்கத்தி வெள்ளையர் பலர், பக்கத்து வீடு என்று வந்தபோது ஒதுங்கிக்கொண்டார்கள். 1968 ஏப்ரல் 4 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் கடனிலும் பாகுபாடு கூடாது என்ற சட்டம் கையெழுத்தானது. செத்த பிறகு சட்டம். நமக்கும் பழக்கமான வரிசைதான்.

சட்டம் வந்தாச்சு, இனி எல்லாரும் சமம், இன்னும் எதுக்குப் பழைய கதை என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்களைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். 1988இல் அட்லாண்டா நகரத்து நாளிதழ் ஒன்று வங்கிக் கடன் விவரங்களை அலசியது. அதே வருமானம் உள்ள கறுப்பர் பகுதியையும் வெள்ளையர் பகுதியையும் ஒப்பிட்டால், வெள்ளையர் பகுதிக்கு ஐந்து மடங்கு வீட்டுக் கடன் போயிருந்தது. சட்டம் வந்து இருபது வருஷம் கழித்து. பிறகு 2000களில் தந்திரம் மாறியது. கடனே தராத இடத்தில் இப்போது மோசமான கடனைத் தேடிப் போய்த் தந்தார்கள். நல்ல வட்டியில் கடன் பெறத் தகுதி இருந்த கறுப்பின, லத்தீன் மக்களை அதிக வட்டிக் கடனில் தள்ளிவிட்டார்கள் என்ற வழக்கில் கண்ட்ரிவைட் நிறுவனம் 2011இல் 33.5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2012இல் 17.5 கோடி டாலர். இதற்குள் 2008 நெருக்கடியில் அந்த மக்களில் பலருடைய வீடு போயிருந்தது.

இப்போதைய நிலைமை? அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் நடுநிலை வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்புக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். ஆறில் ஒரு பங்கு. வெள்ளையரில் ஏறக்குறைய 74 சதவீதம் பேருக்குச் சொந்த வீடு. கறுப்பரில் 45ஐ ஒட்டித்தான். வெயில்கூடப் பாகுபாடு பார்க்கிறது. 108 நகரங்களில் செய்த ஆய்வு 2020இல் வந்தது. பழைய சிவப்புப் பகுதிகள் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம் சூடாக இருக்கின்றன. மரம் நடப் பணம் போகவில்லை, தார்ச்சாலையும் கான்கிரீட்டும்தான் போனது. அந்த மதிப்பீட்டாளர்கள் எல்லாம் செத்துப்போய்விட்டார்கள். அவர்கள் போட்ட வண்ணம் இன்னும் காயவில்லை.

இப்போ இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் பிரிவிலேஜ் என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அகராதி சலுகை என்கிறது. ஆனால் சலுகை என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யார் மேல் ஒட்டி வைத்திருக்கிறார்கள்? நம் மேல். "உங்களுக்கென்னப்பா, சலுகையில வந்துட்டீங்க" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அரசு உத்தரவாதத்தில், முன்பணம் இல்லாமல், அடுத்தவனை வெளியே நிறுத்திவிட்டு வீடு வாங்கிய வெள்ளைக்காரனை யாரும் சலுகை பெற்றவன் என்று சொல்வதில்லை. உழைத்து முன்னுக்கு வந்தவன் என்கிறார்கள். அவனும் அப்படித்தான் நம்புகிறான். அவன் உழைத்தது நிஜம். தவணை கட்டினது நிஜம். ஆனால் தவணை கட்டுகிற வாய்ப்பே அடுத்தவனுக்கு இல்லை என்பதும் நிஜம். அதனால் நான் இதைப் பிறவி ஆதாயம் என்று சொல்லுவேன். கேட்காமலே கிடைக்கும், கணக்கில் தெரியாது, இருக்கிறவனுக்கே இருக்கிறது தெரியாது. இதைச் சொன்னால் அவனைத் திட்டுகிறோம் என்று அர்த்தமில்லை. பேரேட்டில் விடுபட்ட பற்றை எழுதச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

மூன்றாவது, சம மனித உரிமை. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம் எல்லோருக்கும் சொத்துரிமை உண்டு என்கிறது. இருக்க வீடு உள்ளிட்ட வாழ்க்கைத் தரத்துக்கும் உரிமை உண்டு என்கிறது. நான் அதைவிட முக்கியமாக நினைப்பது 1965இல் வந்த இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை. எது பாகுபாடு என்று அது சொல்லும் இலக்கணத்தை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். உரிமையைப் பறிக்கும் நோக்கம் இருந்தாலும் பாகுபாடு. நோக்கம் இல்லாமல் அந்த விளைவு இருந்தாலும் பாகுபாடு. எங்கள் மதிப்பீட்டாளருக்கு நோக்கம் இல்லை. விளைவு இருந்தது. என் கேள்விக்குப் பதில் இந்த ஒரு சொல்லில் கிடைத்தது.

அதே இலக்கணத்தில் நிறம், இனம் என்பவற்றோடு வம்சாவளி என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்க்க முன்மொழிந்தது இந்தியா. பிறகு 2001இல் டர்பன் மாநாட்டில் தலித் அமைப்புகள் போய் நின்றபோது, சாதி என்பது இனம் இல்லை, இங்கே பேசக் கூடாது என்று சொன்னதும் இதே இந்தியா. வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் ஐ.நா. குழு 2002இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சாதியும் நிறமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே தோலில் எழுதியிருக்கிறது. இங்கே தெருவில் எழுதியிருக்கிறது. அங்கே மதத்தின் பெயரால் புனிதம், தீட்டு என்று ஒரு ஏணி கட்டப்படவில்லை, இங்கே கட்டியிருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு யாரோ புதிதாகக் கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை. 1913இலிருந்து 1916 வரை நியூயார்க்கில் படித்த பாபாசாகேப், 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் பிரதியைக் கேட்டார். அவர் கேட்டது அனுதாபம் இல்லை, மனுவின் பிரதி. 1966இல் ஓக்லாந்தில் கறுஞ்சிறுத்தைகள் தொடங்கியபோது அவர்களுடைய பத்து அம்சக் கோரிக்கையில் வீடும் இருந்தது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். பாதை ஏற்கெனவே போட்டிருக்கு.

சரி, என்ன செய்யலாம்? அங்கே என்ன செய்தார்கள் என்று இரண்டைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, 1968இல் அதே லான்டேல் பகுதியில் தவணை ஒப்பந்தக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தவணை கட்ட மாட்டோம் என்று நிறுத்தினார்கள். ஷெரீப் ஆட்களோடு வந்து சாமான்களைத் தெருவில் வீசினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்ப உள்ளே தூக்கி வைத்தார்கள். நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் பல குடும்பங்களின் ஒப்பந்தத்தைக் குறைந்த விலைக்கு மாற்றி எழுத வைத்தார்கள். தோல்வி என்று எழுதப்பட்டதற்குள்ளே ஜெயித்தவர்கள் அவர்கள்.

இரண்டு, அதே சிகாகோவில் கேல் சின்கோட்டா என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. ஆறு பையன்களுக்குத் தாய். தன் பகுதியில் வங்கிகள் கடனை நிறுத்தியதும் தெருக்காரர்களைத் திரட்டினார். எங்கள் வைப்புத்தொகையை வாங்கிக்கொள்கிறீர்கள், எங்கள் தெருவுக்கு எவ்வளவு கடன் கொடுத்தீர்கள், கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார். பிறவி ஆதாயம் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற நண்பர்களுக்கு இது ஒரு பதில். அந்த இயக்கத்தின் நெருக்குதலில் 1975இல், எந்தப் பகுதிக்கு எவ்வளவு வீட்டுக் கடன் கொடுத்தோம் என்று வங்கிகள் வெளியிட வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1977இல், வைப்புத்தொகை வாங்கும் பகுதியின் கடன் தேவையையும் கவனிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1988இல் அட்லாண்டா பத்திரிகை அலசியதாகச் சொன்னேனே, அது 1975 சட்டத்தால் வெளியே வந்த கணக்குதான்.

நம் கையிலும் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளுக்கு அது பொருந்தும். மாணவர்களே, கிளைக்குப் போய்க் கேளுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், மொத்தக் கணக்கு போதும். ஊரிலிருந்து எத்தனை வீட்டுக் கடன் விண்ணப்பம், காலனியிலிருந்து எத்தனை? எத்தனை ஏற்றீர்கள், எத்தனை மறுத்தீர்கள், காரணம் என்ன? அப்படிப் பிரித்துக் கணக்கு வைப்பதில்லை என்று பதில் வரலாம். அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கணக்கே வைக்காத இடத்தில்தான் இது மறைந்து நிற்கிறது. கோஷம் போடத் தெரிந்த நமக்கு லெட்ஜர் படிக்கவும் தெரிய வேண்டும்.

கடிதத்தை வாங்கிக்கொண்ட அந்த அக்கா என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லையே. "நீ என்னா தம்பி பண்ணுவ, உன் வேலைய நீ பாக்குற" என்றார்கள். என்னைச் சமாதானப்படுத்தினார்கள். பிறகு குழுக் கடன், கந்துவட்டி என்று வாங்கி எப்படியோ தளம் போட்டார்கள். அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அதற்குப் பிறகு காலனியிலிருந்து ஒரு ஃபைல் வந்து மதிப்பு குறைக்கப்பட்டால், எந்த அடிப்படையில் குறைத்தீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்று குறிப்பெழுதி மேலே அனுப்புகிறேன். எழுத்தரின் குறிப்புக்குப் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. ஆனால் ஃபைலில் இருக்கும். என் வேலையை நான் பார்க்கிறேன் என்று அந்த அக்கா சொன்னதற்கு, இப்போதைக்கு நான் கண்டுபிடித்த அர்த்தம் இவ்வளவுதான்.